மூன்றாவது வசனத்துக்குப் பிறகு

அன்புள்ள அக்கா,

மாசியில் அப்பாவின் ஆட்டைத்திவசம், முதலாம் வருட நினைவுச் சடங்கு, வருகிறது. அதற்கு முன் இதை எழுதிவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன். அவரைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் நீங்கள்; அவருடைய கடைசி மாதங்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல எதுவுமில்லை.

நான் எழுத வந்தது போன வருடத் தை மாதத்து ஒரு பின்னேரத்தைப் பற்றி. கோண்டாவில் வீட்டின் அடுப்படிக் குந்தில் இருந்து அவித்த பனங்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தீர்கள். தோலை நீக்கி, இரண்டாகப் பிளந்து, நடு நரம்பை இழுத்தெறிந்து, ஒவ்வொரு பாதியாகச் சுளகில் வைத்தபடி, என் முகத்தைப் பாராமலே பேசத் தொடங்கினீர்கள். என்ன சொன்னீர்கள் என்பதை இங்கே எழுதமாட்டேன். இதை வாசிக்கப்போகிறவர்களில் எங்கள் சொந்தக்காரரும் இருக்கிறார்கள். மூன்றாவது வசனத்தில் நான் குறுக்கிட்டேன் என்பதை மட்டும் எழுதலாம். "ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைப்பம் அக்கா, காசை நான் தாறன்" என்றேன். கையிலிருந்த கிழங்கை உரித்து முடித்துவிட்டு, "தேத்தண்ணி போடட்டோ?" என்று கேட்டீர்கள்.

உதவி செய்கிறேன் என்றுதான் நம்பினேன். உங்கள் களைப்பைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. அது உடனே தீர்ந்துவிட வேண்டும் என்ற அவசரம். ஆனால் நீங்கள் முதல் வசனத்தை முடிக்குமுன்பே என் பதிலை அடுக்கத் தொடங்கிவிட்டேன் என்பதும், மற்ற இரண்டும் வெறுமனே காதில் விழுந்தன என்பதும் உண்மை.

இத்தனைக்கும் நான் உளவளத்துணை (கவுன்சலிங்) பயிற்சி பெற்றவன். உளவியலாளர்கள் கார்ள் றொஜர்ஸும் றிச்சர்ட் ஃபார்சனும் பிறர் பேச்சை ஊன்றிக் கேட்பது பற்றி 1957இல் எழுதிய சிறுநூலை அடிக்கோடிட்டு வாசித்தவன். அறிவுரை எவ்வளவு நல்லெண்ணத்தோடு வந்தாலும், தன்னை மாற்றப் பார்க்கிறார்கள் என்றே பேசுபவருக்குப் படும் என்றும், பாராட்டுகூடச் சிலவேளை அவர் வாயை அடைத்துவிடும் என்றும் அவர்கள் சொல்கிறார்கள். முன்பின் தெரியாத ஒருவர் பேசி நிறுத்தினால் காத்திருக்கவும், அவர் சொன்னதை என் சொற்களில் திருப்பிச் சொல்லி, சரியாக விளங்கிக்கொண்டேனா என்று கேட்கவும் எனக்குத் தெரியும். உங்களிடம் அது தோன்றவில்லை. பிறந்த நாள் முதல் கேட்டு வளர்ந்த குரலில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கப்போகிறது என்று எண்ணிவிட்டேன்.

அப்பா எங்களுக்குப் பாடமாக்கிய கேள்வி அதிகாரத்தில் 418ஆம் குறள், கேள்வியால் துளைக்கப்படாத செவி கேட்டாலும் கேளாத செவிதான் என்கிறது. அறிஞர் சொல்லைக் கேட்பதைத்தான் அது குறிக்கிறது என்று அவர் பொருள் சொல்லுவார். அடுப்படியில் சொல்லப்படும் சொல்லையும் அதில் சேர்த்தே நான் இப்போது வாசிக்கிறேன்.

ஆனால் அக்கா, "பொறு, நான் இன்னும் முடிக்கேல்லை" என்று நீங்களும் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லாமல், செத்தவீட்டில் அத்தனை பேருக்கும் முன்னால் "அவனுக்குச் சொல்லி என்ன பிரயோசனம்" என்றீர்கள். திருந்த ஒரு தடவைகூட இடம் தராமல் தீர்ப்பெழுதியது நியாயமில்லை. அந்தச் சொல்லோடுதான் இந்த வருடம் முழுவதும் நான் படுத்து எழும்பினேன். அதைச் சொன்னபோது உங்கள் கண்கள் எவ்வளவு உள்ளே போயிருந்தன என்பதும் அதே அளவுக்கு நினைவில் நிற்கிறது.

திவசத்துக்கு முதல்நாள் பின்னேரமே வருகிறேன். தேங்காய் துருவ, மரக்கறி வெட்ட ஆள் வேண்டும்தானே. அந்த மூன்றாவது வசனத்துக்குப் பிறகு என்ன சொல்ல இருந்தீர்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்புடன்,
தம்பி