ஒரு ‘ள்’லுக்காக அலைந்தவர்களின் நன்றி

அப்பா ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். அவர் இறந்தபின் அம்மாவுக்கு வரவேண்டிய குடும்ப ஓய்வூதியம் தடைபட்டது. ராணுவ ஆவணத்தில் ‘செல்லம்மாள்’, ஆதாரில் ‘செல்லம்மா’. அந்த ‘ள்’லுக்காக ஓர் அலுவலகம் எங்களைப் பதினொரு மாதம் அலையவிட்டது.

சென்னையில், படைவீரர்களின் பணி வழக்குகளை விசாரிக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாய வாசலில் திகைத்து நின்றோம். வழக்கறிஞர் மேடம், நீங்களாகவே வந்து, “எந்த ரெஜிமென்ட்?” என்றீர்கள். காகிதங்களைப் பெஞ்சில் பரப்பிப் பார்த்துவிட்டு, “இதற்கு வழக்கே வேண்டாம். பிரமாணப் பத்திரத்தோடு ரெஜிமென்டின் ஆவண அலுவலகத்துக்கு எழுதுங்கள்” என்று சொல்லி, மனுவையும் எழுதிக் கொடுத்தீர்கள். வந்த வழக்கை வேண்டாமென்ற வழக்கறிஞரை அன்றுதான் பார்த்தேன்!

பேச்சுவாக்கில்தான் நீங்களும் ராணுவ அதிகாரியாக இருந்தவர் என்று தெரிந்தது: பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி மையத்தில் பயிற்சி, ராணுவச் சட்டப் பிரிவில் 14 ஆண்டுகள். அப்பிரிவில் பெண்களுக்கு, ஓய்வு வயதுவரை நீடிக்கும் நிரந்தரப் பணி 2008இல்தான் திறந்தது. நீங்கள் முந்தைய ஆண்டே வெளியேறியிருந்தீர்கள். மற்றப் பிரிவுப் பெண்களுக்கு அதை உறுதிசெய்த 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பற்றி, உங்களுக்கே கிடைத்ததுபோல் பேசினீர்கள்.

கட்டணம் என்று வாயெடுத்தேன். அம்மாவின் பையிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். உங்கள் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை.

மேடம், போன வாரம் நிலுவையோடு பணம் வந்துவிட்டது. கொய்யா மறுபடி காய்த்திருக்கிறது. எங்கே கொண்டுவந்து தரவேண்டும் என்று அம்மா கேட்கிறார்.