செயலாளரின் ஆண்டறிக்கை: சனிக்கிழமைத் தமிழ் வகுப்பும் போட்டி மேடையும்

மதிப்புக்குரிய தலைவர், ஆட்சிக்குழு உறுப்பினர்கள், ஆசிரியர்கள், பெற்றோர்கள், முன்வரிசையில் இருக்கும் அப்பம்மா, அம்மப்பாமார் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விடயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆட்சிக்குழுக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. கோடை ஒன்றுகூடல், வாணி விழா, பொங்கல் விழா மூன்றும் நல்லபடியாக நிறைவேறின. கணக்கறிக்கையைப் பொருளாளர் எனக்குப் பிறகு வாசிப்பார். மண்டப வாடகை கூடியிருக்கிறது. அதை எப்படிச் சமாளிப்பது என்பது நிகழ்ச்சி நிரலில் தனியாக இருக்கிறது. இந்த அறிக்கையின் பெரும்பகுதியைச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு எடுத்துக்கொள்கிறேன்.

சென்ற ஆண்டு இதே பொதுக்கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். "என்ர மகன் அஞ்சு வருசமா வகுப்புக்கு வாறான். ஆத்திசூடி முழுக்கச் சொல்லுவான். ஆனா அப்பம்மாவோட போனில ரெண்டு வசனம் கதைக்கமாட்டான்." மண்டபத்தில் பலர் தலையாட்டினார்கள். ரொறன்ரோவில் தமிழ் வகுப்பு நடத்தும் எவருக்கும் இது தெரிந்த சங்கதிதான். பிள்ளைக்கு எழுத்துத் தெரியும், பாட்டுத் தெரியும், வாயைத் திறந்தால் ஆங்கிலம் வரும். இதற்கு வழி தேடியே, வகுப்பின் கடைசிப் பகுதியைத் தொலைக்காட்சிப் போட்டிகளின் பாணியில் நடத்தலாம் என்று ஆட்சிக்குழு முடிவெடுத்தது. பிள்ளைகள் உற்சாகமாக இருந்தார்களா என்பதை மட்டும் பார்க்கக் கூடாது, ஒவ்வொரு பிள்ளையும் எவ்வளவு நேரம் முழு வசனமாகத் தமிழ் பேசியது என்பதைப் பார்க்க வேண்டும் என்று ஆசிரியர்கள் தொடக்கத்திலேயே சொன்னார்கள். ஆண்டு முழுவதும் அந்த அளவுகோலை அவர்கள் விடவில்லை.

எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வந்தது கோடீஸ்வரன்தான். 1998 இல் பிரித்தானியாவில் தொடங்கி, 2000 இல் இந்தியில் அமிதாப் பச்சனோடும் சன் தொலைக்காட்சியில் சரத்குமாரோடும் நம் வீடுகளுக்குள் வந்த வடிவம். நான்கு விடைகள், மூன்று உதவிகள். பிள்ளைகளுக்கு நன்றாகப் பிடித்தது. ஆனால் ஒரு மூலையில் இருந்து கேட்டுப் பாருங்கள்: கேள்வியை ஆசிரியர் தமிழில் வாசிக்கிறார், நான்கு விடைகளையும் அவரே வாசிக்கிறார், பிள்ளை "பி" என்கிறது. அவ்வளவுதான். பேச்சுக்கு அது உதவவில்லை என்று ஆசிரியர்கள் சொன்னபோது மறுக்க ஒன்றுமில்லை.

இருந்தாலும் அதில் ஒரு பகுதியை நாங்கள் விடவில்லை. நண்பருக்குத் தொலைபேசி எடுக்கும் உதவி. எங்கள் வகுப்பில் அதை ஊரில் இருக்கும் உறவினருக்கு எடுக்கும் அழைப்பாக மாற்றினோம். இங்கே சனிக்கிழமை காலை பத்து மணி என்றால் இலங்கையில் கோடைகாலத்தில் இரவு ஏழரை, குளிர்காலத்தில் எட்டரை. வீட்டில் எல்லோரும் இருக்கும் நேரம். அசல் நிகழ்ச்சியில் 30 வினாடிதான். நாங்கள் மூன்று நிமிடம் கொடுத்தோம். பிள்ளை முதலில் சுகம் கேட்க வேண்டும், தான் யார் என்று சொல்ல வேண்டும், பிறகு கேள்வியை விளக்க வேண்டும். விடை சரியோ பிழையோ, அந்த மூன்று நிமிடமும் தமிழ். சென்ற ஆண்டு அந்தத் தாய் சொன்ன மகன் மானிப்பாயில் இருக்கும் தன் அப்பம்மாவிடம் "பூவரசம் இலையால என்ன செய்யலாம்?" என்று கேட்டான். அவர் பீப்பீ சுருட்டுவது எப்படி என்று தொடங்கி, நேரம் முடிந்து மணி அடித்த பிறகும் நிறுத்தவில்லை. வகுப்பில் ஒருவரும் அந்த அழைப்பைத் துண்டிக்கச் சொல்லவில்லை.

எங்களுக்கு ஆகப் பயன்பட்ட வடிவம் ஜெப்பர்டி. 1964 இல் அமெரிக்காவில் தொடங்கியது. 1984 முதல் 2020 இல் இறக்கும்வரை அதை நடத்திய அலெக்ஸ் ட்ரெபெக் எங்கள் ஒன்ராறியோவின் சட்பரியில் பிறந்தவர். அதற்கு முன் கனடாவின் பாடசாலை மாணவர்களுக்கான வினாவிடை நிகழ்ச்சியையும் சிபிசி தொலைக்காட்சியில் நடத்தியவர். இங்கே வளர்ந்த பெற்றோருக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. அந்த நிகழ்ச்சியின் விதி தலைகீழானது: விடையை நடத்துனர் சொல்வார், போட்டியாளர் கேள்வி வடிவில் பதில் சொல்ல வேண்டும்.

இதை எங்கள் ஆசிரியர்கள் தமிழுக்கு ஏற்றபடி இன்னும் இறுக்கினார்கள். அட்டையில் விடை மட்டும் இருக்கும். அந்த விடை வரக்கூடிய ஒரு முழுக் கேள்வியைப் பிள்ளை கேட்க வேண்டும். "247" என்று அட்டை வந்தால், "தமிழில் எத்தனை எழுத்துகள் இருக்கின்றன?" "1330" என்றால் திருக்குறள். "1981 இல்" என்ற அட்டைக்கு மூத்த வகுப்பு மாணவி ஒருத்தி, "யாழ்ப்பாணப் பொது நூலகம் எப்போது எரிக்கப்பட்டது?" என்று தடுமாறாமல் கேட்டாள். யார், எது, எங்கே, எப்போது, எத்தனை, எதற்காக என்று எல்லா வினாச் சொற்களும் வாயில் புழங்குகின்றன. "இருக்கிறார்", "இருக்கிறது" என்ற வேறுபாடும் கூடவே வருகிறது. ஆங்கிலம் பேசி வளரும் பிள்ளைகள் "மாமா இருக்கிறது" என்று சொல்வதை எத்தனை தரம் கொப்பியில் திருத்தியிருக்கிறோம்! மேடையில் தன் குழுவின் புள்ளி போய்விடும் என்றதும் பக்கத்தில் இருக்கும் பிள்ளையே திருத்திவிடுகிறது.

ஒரு அட்டையை மட்டும் விரித்துச் சொல்கிறேன். "நெடுந்தீவில்" என்று அதில் எழுதியிருந்தது. ஆசிரியர் எதிர்பார்த்த கேள்வி, "காட்டுக் குதிரைகள் எங்கே திரிகின்றன?" என்பது. இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கையை உயர்த்தி, "எங்கட அம்மம்மா எங்க பிறந்தவ?" என்று கேட்டாள். நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவளுடைய அம்மம்மா பின்னால் கதிரையில் இருந்து, "ஓம், நான் நெடுந்தீவுதான்" என்றார். முழுப் புள்ளி கொடுக்கப்பட்டது. அன்று முதல், உண்மையாக இருந்தால் எந்தக் கேள்வியும் சரி என்பது எங்கள் விதி. அதன் பிறகு பிள்ளைகள் வீட்டில் கேட்டு வைத்த செய்திகளோடு வரத் தொடங்கினார்கள்.

அடுத்தது, சொல்லைச் சொல்லாமல் விளக்கும் போட்டி. 1961 இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த பாஸ்வேர்ட் இந்த வகைக்கு மூத்தது. விஜய் தொலைக்காட்சியில் ஜேம்ஸ் வசந்தன் நடத்திய 'ஒரு வார்த்தை ஒரு லட்சம்' பலரும் இங்கே இணையத்தில் பார்த்த ஒன்று. எங்கள் அட்டையில் மேலே ஒரு சொல், கீழே தடைசெய்த நாலைந்து சொற்கள். "இடியப்பம்" என்றால் உரல், மா, சொதி, சம்பல் நான்கும் தடை. ஒரு பையன் திணறிவிட்டு, "அப்பம்மா காலமை பிழிவா, நூல் மாதிரி வரும், தட்டில வச்சு அவிப்பா" என்றான். அவனுக்கு அந்த நேரம் தேவைப்பட்ட சொற்கள் பிழிவது, அவிப்பது இரண்டும். அவை அவனிடம் இருந்தன. கேட்க ஆள் இல்லாமல் கிடந்தன. இங்கே பிறந்த பிள்ளை ஒரு தமிழ்ச் சொல் வராத இடத்தில் ஆங்கிலச் சொல்லைச் செருகிக்கொண்டு போய்விடும். இந்தப் போட்டியில் அந்த வாசல் அடைபட்டிருக்கிறது. தெரிந்த தமிழை வைத்துச் சுற்றிப் போயாவது சேர வேண்டும். என்னைக் கேட்டால், இந்த ஆண்டு செய்தவற்றில் வீட்டுப் பேச்சுக்கு நேரடியாக உதவியது இதுதான் என்பேன்.

இங்கேதான் ஆட்சிக்குழுவில் ஒரு நீண்ட விவாதமும் நடந்தது. "காலமை", "வச்சு" என்றெல்லாம் சொன்னால் புள்ளி கொடுக்கலாமா? மூத்த ஆசிரியர்கள் சிலர் எழுத்துத் தமிழே வேண்டும் என்று நின்றார்கள். அவர்கள் கவலையிலும் நியாயம் இருக்கிறது; வகுப்பில் இல்லாவிட்டால் பிள்ளை அதை வேறெங்கும் கேட்கப்போவதில்லை. கடைசியில் பேச்சுச் சுற்றில் பேச்சுத் தமிழ், பலகையில் எழுதும் சுற்றில் எழுத்துத் தமிழ் என்று தீர்மானித்தோம். யாழ்ப்பாணப் பேச்சு, மட்டக்களப்புப் பேச்சு, மலையகப் பேச்சு, மதுரைப் பேச்சு எல்லாவற்றுக்கும் ஒரே புள்ளி. "இஞ்ச வா" என்றாலும் "இங்க வா" என்றாலும் பிள்ளை கூப்பிடுகிறது, அவ்வளவுதானே. இந்தத் தீர்மானத்தை அடுத்த ஆண்டும் மாற்றாமல் வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஃபேமிலி ஃபியூட் வடிவத்தைத் தைமாத நிகழ்ச்சிக்கு எடுத்தோம். 1976 இல் தொடங்கிய அந்த நிகழ்ச்சியில் 100 பேரிடம் முன்கூட்டியே ஒரு கேள்வி கேட்டு வைத்திருப்பார்கள்; அதிகம் பேர் சொன்ன விடைகளைக் குடும்பங்கள் ஊகிக்க வேண்டும். 2019 முதல் சிபிசியில் கனடாப் பதிப்பும் வந்தது. நாங்கள் கேள்வி கேட்கும் வேலையையே பிள்ளைகளிடம் கொடுத்தோம். அவர்கள் தாள் எடுத்துக்கொண்டு முதியோர் ஒன்றுகூடலுக்குப் போய், "கனடாவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் உங்களுக்கு ஆகக் கஷ்டமாக இருந்தது எது?" என்று ஒவ்வொருவராகக் கேட்டு எழுதினார்கள். மேடையில் இரு குழுக்களும் "குளிர்" என்றுதான் தொடங்கின. பட்டியலில் முதலாவதாக இருந்தது பஸ்ஸுக்காகக் காத்து நின்றது. "அப்பாட்ட அப்ப கார் இல்லையோ?" என்று ஒரு பிள்ளை மேடையிலிருந்தே தன் அப்பப்பாவைக் கேட்டது, அப்பப்பா எழுந்து விளக்கத் தொடங்கிவிட்டார். நிகழ்ச்சி அரைமணி நேரம் பிந்தியது. அரைமணி நேரத் தமிழ்.

மணி அடித்து முந்துவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். முந்தி அடிப்பவருக்கே வாய்ப்பு என்றால் ஒவ்வொரு வகுப்பிலும் அதே மூன்று பிள்ளைகள்தான் பேசுவார்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைக் கவனித்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருப்பதைக் கண்டார். அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். ஜெப்பர்டியிலும் நடத்துனர் வாசித்து முடிக்கும்வரை பொத்தான் வேலை செய்யாது. 1985 முதல் அப்படித்தான். நாங்கள் இரண்டையும் சேர்த்தோம். வாசித்து முடித்ததும் ஆசிரியர் மனதுக்குள் ஐந்து எண்ணுவார், பிறகுதான் மேசை விளக்கு எரியும். அதற்கு முன் அடித்தால் செல்லாது.

நேற்று ஊரிலிருந்து வந்த பிள்ளையும் இங்கே பிறந்த பிள்ளையும் ஒரே வகுப்பில் இருப்பது இன்னொரு சிக்கல். இதற்கு ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டிவ்ரீஸ், எட்வர்ட்ஸ் ஆகியோர் 1970களில் உருவாக்கிய முறையைப் பின்பற்றினோம். படிக்கும்போது கலந்த குழு. போட்டியிடும்போது ஒவ்வொருவரும் தம் நிலைக்குச் சமமான, வேறு குழுப் பிள்ளைகளோடு ஒரே மேசையில். வென்ற புள்ளி குழுவுக்குப் போகும். தமிழ் குறைவாகத் தெரிந்த பிள்ளையும் தன் மேசையில் முதலாவதாக வரலாம். அதனால் குழுவில் தமிழ் தெரிந்தவர்கள் அந்தப் பிள்ளைக்கு விழுந்து விழுந்து சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இந்த அளவு போட்டி வைத்தால் படிப்பு கெடாதா என்று சில பெற்றோர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 2006 இல் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பின் நன்றாகச் செய்தார்கள். ஒரு வாரத்துக்குப் பின் முந்தியவர்கள், படித்ததை நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்த்தவர்களே. எங்கள் வகுப்பும் வாரத்துக்கு ஒருமுறைதான். ஆகவே சென்ற சனிக்கிழமைச் சொற்களை இந்தச் சனிக்கிழமை அட்டையில் வைக்கிறோம்.

பரிசைப் பற்றி. வணிக நிறுவனம் ஒன்று பரிசு அட்டைகள் தர முன்வந்தது, நன்றியோடு மறுத்தோம். 1973 இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் செய்த ஆய்வில், படம் வரைவதை விரும்பிய சிறு பிள்ளைகளுக்குப் பரிசு தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையவைத்தபோது, பிறகு அவர்கள் தாமாக வரைவது குறைந்தது. தமிழ் பேசுவதைக் கூலி வேலையாக்க எங்களுக்கு மனமில்லை. வென்ற குழு அடுத்த வார அட்டைகளை எழுதும். பிள்ளைகள் இதற்குத்தான் அடிபடுகிறார்கள்.

ஒன்ராறியோவில் 2014 இலும் கனடா முழுவதற்கும் 2016 இலும் தமிழ் மரபுத் திங்களாக ஏற்கப்பட்ட ஜனவரியில், பாட்டுக்குப் பாட்டு நடத்தினோம். பி.எச். அப்துல் ஹமீதின் குரலில் அதை இலங்கை வானொலியில் கேட்டு வளர்ந்தவர்கள் இந்த மண்டபத்தில் நிறையப் பேர். ஓர் எழுத்தைச் சொன்னால் அதில் தொடங்கும் பாட்டு வர வேண்டும். மூன்று தலைமுறை ஒரே குழுவில் நின்றது. பாட்டைப் பெரியவர் பாட, அந்த வரியின் பொருளைப் பிள்ளை சொன்னால்தான் புள்ளி. இதை ஆண்டுக்கு இரண்டு முறை நடத்த வேண்டும் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். ஆட்சிக்குழு சம்மதித்துள்ளது.

இனி உங்கள் ஒப்புதலுக்கு வைக்கும் மூன்று விடயங்கள். பெரிய திரை வாங்கும் யோசனையைத் தள்ளிவைத்து, அந்தப் பணத்தை அட்டைகளுக்கும் தொலைபேசி அழைப்புகளுக்கும் ஒதுக்குவது. ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு மூத்தோரை நிரந்தர நடுவர்களாக அமர்த்துவது; அவர்களுக்கு வாகன ஒழுங்கும் செய்ய வேண்டும், குளிர்காலத்தில் பஸ்ஸில் வரச்சொல்ல முடியாது. பதின்ம வயது மாணவர்களை நடத்துனர்களாகப் பழக்குவது. மேடையில் ஒலிவாங்கியோடு நிற்பவர்தான் ஆக அதிகம் பேசுகிறார், அந்த வாய்ப்பு ஆசிரியரிடமே இருக்கத் தேவையில்லை.

ஊதியம் இல்லாமல் சனிக்கிழமைகளைத் தந்த ஆசிரியர்களுக்கும், தேநீரும் வடையும் கொண்டுவந்த பெற்றோருக்கும், இரவு நேரத்தில் எங்கள் அழைப்புகளுக்குக் காத்திருந்த ஊர் உறவுகளுக்கும் சங்கத்தின் நன்றி. நடுவராக வர விரும்பும் மூத்தோர் வாசலில் உள்ள தாளில் பெயரை எழுதிவிட்டுப் போகும்படி கேட்டு, இந்த அறிக்கையைச் சபையின் ஏற்புக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்