எழும் தூண் வண்டியைக் குத்தினால் யார் பொறுப்பு? கேட் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் வாசலில் தானியங்கி பொல்லார்டு (தரைக்குள்ளிருந்து எழுந்து வழியை மறிக்கும் தூண்) வைத்திருக்கிற, வைக்கப்போகிற மில், மருத்துவமனை, அடுக்குமாடிச் சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

கேட் போடுவதும் பழுது பார்ப்பதும் எங்கள் தொழில். தூண் ஒரு வண்டியின் அடியில் குத்தியதும் "டிரைவர் அவசரப்பட்டுட்டார்" என்று வாட்ச்மேன் சொல்வதோடு விசாரணையை முடித்துவிடாதீர்கள். மேலே வண்டி நிற்கையில் தூண் எழவே கூடாது. எழுந்துவிட்டால் முதலில் சோதிக்க வேண்டியது தரைக்குள் இருக்கும் லூப்பை.

லூப் என்பது தார்ச்சாலையை அறுத்து மூன்று நான்கு சுற்றாகப் பதித்த கம்பி. அதன் குறுகிய பக்கத்தில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு உயரம் வரைதான் அது இரும்பை உணரும். 1 மீட்டர் அகல லூப் காருக்குச் சரி. நூல் லாரியின் அச்சுகளுக்கு நடுவிலும், டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் இடையிலும் அது "வண்டி போய்விட்டது" என்று நினைத்துக்கொள்ளும். மில் வாசலென்றால் தூணுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு அகலமான லூப், கூடவே குறுக்கே ஒளிக்கதிர் சென்சார் வேண்டும். பைக்குகளுக்குத் தனி வழி விடுங்கள். அவற்றைப் பெரிய லூப் தவறவிடும்.

இதைவிட மோசமானது கரண்ட் போய் வருவது. பல டிடெக்டர்கள் (லூப்பைப் படித்து வண்டி நிற்கிறதா என்று சொல்லும் கருவிகள்) மின்சாரம் திரும்பியதும் அப்போதுள்ள நிலையையே "காலி" என்று பதிந்துகொள்ளும். அந்த நேரம் லூப் மேல் கார் நின்றால் அது டிடெக்டரின் கணக்கிலேயே இருக்காது. குறிப்பிட்ட நிமிடங்களுக்குப் பிறகு வண்டியை மறந்துவிடும் அமைப்பும் உண்டு. அதை நிரந்தர உணர்வுக்கு மாற்றுங்கள். தூணை இயக்கும் கண்ட்ரோலருக்கும் டிடெக்டருக்கும் யூபிஎஸ் கொடுங்கள். டைமரை மட்டும் நம்பித் தூணை எழுப்பாதீர்கள்.

பச்சை விளக்கு, தூண் முழுதாக இறங்கியதைக் காட்டும் லிமிட் சுவிட்சிலிருந்து வர வேண்டும். குழியில் தண்ணீரும் சேறும் தேங்கி முழுதாக இறங்காமல் நின்றுவிட்ட தூண்கூட இன்ஜினுக்கு அடியிலுள்ள ஆயில் சம்பை உடைத்துவிடும்.

குத்திவிட்டால் கண்ட்ரோலரை உடனே அணைத்து மறுபடி போடாதீர்கள், சில கருவிகளில் பதிவு அழிந்துவிடும். வண்டியை எடுக்கும் முன்பே படம் எடுங்கள். கேமராப் பதிவை அன்றே நகலெடுங்கள், நாளானால் அதன்மேல் புதிய பதிவு ஏறிவிடும். டிடெக்டரின் குட்டி சுவிட்சுகள் எப்படி இருந்தன என்று படம்பிடித்து வையுங்கள். லூப்பை 500 வோல்ட் மெக்கரில் (கம்பி உறையின் மின்காப்பைச் சோதிக்கும் மீட்டர்) பாருங்கள். தரைக்கு 10 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் கம்பியின் உறை போயிருக்கிறது.

பணம் யார் தருவது? சிவப்பு விளக்கில் முன்வண்டியை ஒட்டி நுழைந்தவருக்கு அதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் லூப்போ விளக்கோ தவறியிருந்தால் வண்டிக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். ஒப்பந்ததாரரிடம் நீங்கள் வசூலித்துக்கொள்ளுங்கள், வண்டிக்காரரை அவரிடம் அலையவிடாதீர்கள். "உங்கள் இன்சூரன்ஸில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பதும் நியாயமில்லை. மூன்றாம் தரப்பு பாலிசி மட்டும் வைத்திருப்பவருக்கு அதில் ஒரு ரூபாய்கூட வராது. முழு பாலிசிக்காரரோ தன் கையிலிருந்தே கட்ட வேண்டிய கழிவுத் தொகையையும், கிளைம் கேட்காதவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் 20 முதல் 50 சதவீதம் வரையிலான தள்ளுபடியான நோ கிளைம் போனஸையும் இழப்பார்.

"வாகனங்கள் உரிமையாளர் பொறுப்பில்" என்ற பலகையை நம்பி உட்காராதீர்கள். சாவியை வாங்கி ஹோட்டல் நிறுத்திய கார் களவுபோன வழக்கில், தன் அலட்சியத்துக்கான பொறுப்பை அப்படிக் கழற்றிவிட முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் வாசல் அதே நிலைமை அல்ல. ஆனாலும் கட்டணம் வாங்கும் பார்க்கிங் என்றால் நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்கு வரலாம்.

ஐப்பசி மழைக்கு முன்னால் குழி மூடியைத் திறந்து வடிகாலில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். காலியான லாரி ஒன்றை லூப் மேல் மெல்ல ஓட்டி, நடுவில் நிறுத்தி, மெயினை அணைத்து மறுபடி போடுங்கள். தூண் அசையாவிட்டால் தேதியோடு பதிவேட்டில் எழுதி, ஒப்பந்ததாரரிடம் கையெழுத்து வாங்குங்கள். அசைந்தால் அன்றே தூணைத் தாழ்த்திப் பூட்டிவிடுங்கள்.