மாத்திரை தரும் இடத்திலேயே மனநல மருத்துவரும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வலி நிவாரணி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்ட இளைஞர்கள் பிடிபட்டார்கள், இத்தனை மாத்திரை பறிமுதல் என்று அடிக்கடி செய்தி வருகிறது. யார் விற்றார்கள், எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் விவரமாக இருக்கும். ஊசி போட்டுக்கொண்ட பையன் என்ன மனநிலையில் இருந்தான் என்று ஒரு வரி இருக்காது.

நான் ஓய்வுபெற்ற செவிலியர். ஊசிப் பழக்கத்திலிருந்து மீள வருகிறவர்களுக்கு மாற்று மருந்து கொடுக்கும் மையம் ஒன்றில் வேலை பார்த்தவள். பியூப்ரநார்பின் என்ற அந்த மாற்று மருந்து மாத்திரையைப் பொடித்து நாக்குக்கு அடியில் வைப்போம். வெளியே கொண்டுபோய் விற்றுவிடக் கூடாது, ஊசியில் ஏற்றிவிடக் கூடாது என்பதற்காக, கரையும்வரை என் எதிரிலேயே உட்கார வேண்டும். பேசினால் எச்சிலோடு மருந்தும் வயிற்றுக்குள் போய்விடும் என்பதால் வாயே திறக்க மாட்டார்கள். கரைந்ததும் நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் பார்ப்பேன். பேச்சு அப்புறம்தான் வரும். "ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லக்கா." "வீட்ல யாரும் மூஞ்சி கொடுத்துப் பேசறதில்லக்கா." "இருந்து என்னக்கா ஆகப்போவுது?" அதற்குள் அடுத்தவர் வந்து நிற்பார். டோஸ் எவ்வளவு, நேற்று வந்தாரா என்பதைத்தான் நான் பதிவேட்டில் எழுதினேன். அந்தக் கடைசிக் கேள்வியை எழுத அதில் இடமில்லை.

மனநலப் பிரிவுக்கு அனுப்பினால், "முதலில் போதையை விட்டுவிட்டு வரட்டும்" என்று திருப்பி அனுப்பிய மருத்துவர்களைப் பார்த்திருக்கிறேன். எப்படி விடுவான்? போதை மருந்து நின்ற முதல் வாரம் மூக்கில் நீர் வடியும், வயிற்றால் போகும், எலும்பெல்லாம் வலிக்கும். அது அடங்கிவிடும். தூக்கம் வராததும் எதிலும் பிடிப்பில்லாமல் போவதும் பலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். அதைத் தாங்க முடியாமல்தான் மறுபடி ஊசியை எடுக்கிறார்கள். சிறையிலோ தனியார் மறுவாழ்வு இல்லத்திலோ சில மாதம் இருந்துவிட்டு வருகிறவருக்கு உடம்பின் தாங்குதிறன் குறைந்திருக்கும். பழைய அளவையே போட்டால் மூச்சு நின்றுவிடும். அப்படிப் போனவர்களில் எத்தனை பேர் தெரியாமல் போட்டார்கள், எத்தனை பேர் போதும் என்று போட்டார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

சென்னைக்கு இது புதிதல்ல. பிரவுன் சுகர் என்ற மட்டமான ஹெராயினைப் புகைத்தவர்கள் 1990களிலேயே, இதே பியூப்ரநார்பினைப் போதைக்காக ஊசியில் ஏற்றிக்கொள்ள மாறினார்கள். இன்று அந்த இடத்தில் டேபென்டடால் என்ற வலி நிவாரணி மாத்திரை. நாடு முழுக்க ஊசி வழியாகப் போதை ஏற்றிக்கொள்கிறவர்கள் சுமார் 8.5 லட்சம் பேர் என்று மத்திய அரசு 2019இல் வெளியிட்ட கணக்கெடுப்பு சொல்கிறது. டெல்லியில் இவர்களிடையே நடந்த ஓர் ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டோர் முந்தைய ஓராண்டில் தற்கொலையைப் பற்றி நினைத்ததாகச் சொன்னார்கள். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை என்று இவர்கள் ரத்தத்தைச் சோதிக்கிறோம். சோதிக்கத்தான் வேண்டும். மனதை விசாரிக்க மட்டும் ஏன் தயக்கம்?

சட்டம் இவர்கள் பக்கம்தான் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருள் பழக்கத்தோடு சேர்ந்து வரும் மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. போதையை விட்டால்தான் வைத்தியம் என்று ஒருவரை வாசலில் நிறுத்துவது எந்த விதத்தில் நியாயம்? போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, தானாக முன்வந்து சிகிச்சை பெறுகிறவருக்கு, பயன்படுத்திய குற்றத்துக்காகவும் சிறிய அளவு வைத்திருந்ததற்காகவும் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. இது தெரியாமல், ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் பிடிக்கும் என்று பயந்து ஒளிந்து திரியும் பையன்கள் நிறையப் பேர்.

மாற்று மருந்து தரும் ஒவ்வொரு மையத்துக்கும் வாரம் ஒரு நாளாவது மனநல மருத்துவர் வர வேண்டும். தூக்கம் எப்படி, சாகத் தோன்றுகிறதா என்று வருகிறவரிடம் நேரடியாகக் கேட்டு, பதிலைப் பதிவேட்டில் எழுத வேண்டும். மனச்சோர்வுக்கான மாத்திரையையும் அதே ஜன்னலில் கொடுக்க வேண்டும். இன்னொரு ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தால், பஸ் காசு இல்லாதவர் போக மாட்டார். சுகாதாரத் துறை இதைச் செய்ய வேண்டும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். போதை ஊசி பற்றிய செய்தி போடும்போதெல்லாம் அதன் கீழே டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, போதை மீட்பு உதவி எண் 14446 இரண்டையும் அச்சிடுங்கள். பிடிபட்ட பையன்களின் முகத்தைப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
வடசென்னை