கறுப்பு வெள்ளைக்கு மாற்றுமுன்

கடலூர் முதுநகர்

அன்புள்ள நண்பருக்கு,

நலம். தங்கள் நலமும் அண்ணியாரின் நலமும் அறிய ஆவல். துறைமுகத்தில் நீங்கள் எடுத்த படங்கள் வந்து சேர்ந்தன. கண்புரை சிகிச்சைக்குப் பின் மருத்துவர் சொன்ன கெடு முடிந்ததும், அவற்றை ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்த்தேன். எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால்தான் உணர்ச்சி எடுபடும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'எல்லாவற்றையும்' என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

வலை செப்பனிடும் பெரியவரின் படத்தில் நீங்கள் சொல்வது சரி. வண்ணத்தில் பார்த்தால் கண் நேரே பின்னால் குவிந்திருக்கும் நீல நைலான் வலைக்குப் போய்விடுகிறது. வண்ணத்தை நீக்கியதும், அறுந்த கண்ணியைக் கால் பெருவிரலில் மாட்டி அவர் இழுத்துப் பிடித்திருப்பதும், ஊசியை நுழைக்கப்போகும் கை ஒரு கணம் தயங்கி நிற்பதும், கீழுதடு பல்லுக்குள் மடிந்திருப்பதும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிகின்றன. அதைத் தாராளமாக அச்சுக்குக் கொடுங்கள்.

ஆனால், மீன் ஏலத்தில் நிற்கும் அம்மாவின் படம் அப்படியல்ல. மூலப் படத்தையும் மாற்றிய படத்தையும் நீங்கள் சேர்த்தே அனுப்பியதால் ஒப்பிட முடிந்தது. மூலத்தில் அவர் முகத்தில் இருப்பது விலை படியாத எரிச்சல். இன்னும் ஒரு வார்த்தை பேசினால் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்கிற மிடுக்கும் அதில் இருக்கிறது. நீங்கள் மாற்றிய படத்திலோ அவர் யாரையோ பறிகொடுத்தவராகத் தெரிகிறார். கணினியில் மாற்றும்போது சிவப்பின் அளவைக் குறைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதைக் குறைத்தால் நம் தோலின் நிறம் சட்டென்று இருண்டு சுருக்கங்கள் ஆழமாகும். கூட்டினால் அதே முகம் வெளுத்து, பத்து வயது குறைந்துவிடும். பிலிம் காலத்தில் லென்ஸின் முன் பச்சை, சிவப்பு பில்டர்களை மாற்றி மாற்றிப் போட்டு நாம் செய்த வேலைதானே இது? அந்த அம்மாவுக்கு இல்லாத துயரத்தைக் கணினி கொடுத்திருக்கிறது.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டோரதியா லாங் 1936-இல் கலிபோர்னியாவின் நிபோமோவில் எடுத்த, பிழைப்புத் தேடி அலைந்த ஏழைத் தாயின் படத்தை உதாரணமாகக் காட்டியிருந்தீர்கள். அந்தப் படத்தின் வலிமை சாம்பல் நிறத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் நிற்கும் குழந்தைகள் இருவரும் முகத்தைத் திருப்பித் தாயின் தோளில் புதைத்திருப்பதால், நம் கண் அவர் முகத்திலேயே நிற்கிறது. கன்னத்தருகே போன அவர் கை எதையும் பற்றாமல் நிற்கிறது. லாங் பல படங்கள் எடுத்தபடியே மெல்ல நெருங்கிப் போய்த்தான் அந்த அமைப்பைப் பிடித்தார். அந்தப் பெண் யார் என்பது 1978-இல்தான் வெளியே தெரிந்தது. உலகமே பார்த்த படத்தால் தமக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்று அவர் குறைப்பட்டார்.

1984-இல் போபால் விஷவாயுக் கசிவில் இறந்து புதைக்கப்பட்ட, பெயர் தெரியாத குழந்தையை ரகு ராய் கறுப்பு வெள்ளையிலும், பாப்லோ பார்த்தலோமியூ வண்ணத்திலும் எடுத்தார்கள். ரகு ராயின் படத்தை என்னால் நெடுநேரம் பார்க்க முடிகிறது. மற்றதைப் பார்க்க முடியவில்லை. எது மேலானது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கறுப்பு வெள்ளை நம்மைச் சற்று எட்ட நிறுத்தி வைக்கிறது என்பது மட்டும் தெரிகிறது. சில சமயம் அந்தத் தூரம் மரியாதையாகிறது. சில சமயம் நமக்குச் சௌகரியமாகிவிடுகிறது.

நம் ஊர்ப் படத்தையே பாருங்கள். சுனாமிக்கு இரண்டு நாள் கழித்து, 2004 டிசம்பர் 28 அன்று அர்கோ தத்தா கடலூரில் எடுத்தது. அவ்வாண்டின் உலகப் பத்திரிகைப் புகைப்பட விருதைப் பெற்றது. உறவைப் பறிகொடுத்த பெண் மணலில் குப்புற விழுந்து கைகளை விரித்துக் கிடக்கிறார். இறந்தவரின் கை மட்டும் படத்தின் ஓரத்தில் தெரிகிறது. அது வண்ணப் படம். அதைச் சாம்பல் நிறமாக்கிப் பார்த்தேன். எந்தக் காலத்திலோ எந்தக் கரையிலோ நடந்ததுபோல் ஆகிவிட்டது. மறுநாள் காலையில் நாமே போய் நின்ற கரை அது என்பது அதில் இல்லை.

மாறாக, பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே பிரெசோன் 1950 ஏப்ரலில் புதுச்சேரியில் எடுத்த ஸ்ரீ அரவிந்தர் படங்களில் வண்ணம் இருந்திருந்தால் எனக்குப் பிடித்திருக்காது. ரமணர் மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்துவிட்டுப் பின் அங்கு வந்தவர் அவர். பல ஆண்டுகளாகப் படமெடுக்க இடங்கொடாத அரவிந்தர் நாற்காலியில் அசையாமல் அமர்ந்திருக்கிறார். அவ்வாண்டு டிசம்பரிலேயே மறைந்தும் போனார். கோபமோ மகிழ்ச்சியோ எதுவும் வெளியே தெரியாத அந்த முகத்தில் வெண்தாடிக்கும் நிழலுக்கும் இடையில் ஏதேனும் கிடைக்குமா என்று நாம்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே பெரியவரின் படத்தையும், ஐஸ் பெட்டி சுமக்கும் இளைஞர்களின் படத்தையும் கறுப்பு வெள்ளையில் கொடுங்கள். பளபளப்புத் தாள் வேண்டாம். மேட் தாளே போதும். ஏலப் படத்தை வண்ணத்திலேயே விட்டுவிடுங்கள். அதில் ஒரு பிரதி கூடுதலாக அனுப்பினால், மீன் வாங்கப் போகும்போது அந்த அம்மாவிடம் சேர்த்துவிடுகிறேன். இப்போதெல்லாம் அவர் ஏலக்கூடத்தின் கிழக்கு வாசலில்தான் உட்காருகிறார்.

அன்புடன்,
தங்கள் பழைய தோழன்