காட்பாடி அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

போன வாரம் பாகாயம் பஸ்ஸில் இறங்குகிற அவசரத்தில் நீங்கள் கேட்டதற்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. ஆட்டிசம் உள்ள உங்கள் பையனுக்கு 22 வயதாகிவிட்டது, சிறப்புப் பள்ளியில் இனி வைத்துக்கொள்ள மாட்டார்கள். பக்கத்தில் ஒரு பகல்நேர மையம், குடியாத்தம் பக்கம் ஒரு தொழிற்பயிற்சி, சென்னைக்கு அருகே தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம், இந்த மூன்றில் எதில் சேர்ப்பது என்றீர்கள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. எங்கள் அண்ணனை வைத்துக்கொண்டு நாங்கள் கற்றுக்கொண்டதை உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்லப் போகிறேன்?

அண்ணனுக்கு இப்போது 36. முதலில் அவனைச் சேர்த்த மையத்தை நாங்கள் கட்டடத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தோம். டைல்ஸ் தரை, சுவர் நிறையச் சான்றிதழ்கள், வாசலில் ஊஞ்சல். மூன்று வாரம் சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வந்தது. தயிர்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். வீட்டில் என்றால் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவான். விசாரித்தால், "அடம் பிடிக்கிறார்மா, நீங்கள் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள்" என்றார்கள். நான்காவது வாரம் மணிக்கட்டில் பல் பதிந்த தடம். அவனே கடித்துக்கொண்டது. அம்மா அன்றோடு நிறுத்திவிட்டார்.

இரண்டு வருஷம் கழித்து வேறொரு இடம் கிடைத்தது. ஓட்டு வீடு, 12 பேர், 3 ஊழியர்கள். போன முதல் நாளே அங்கிருந்த டீச்சர் ஒன்றைக் கவனித்துவிட்டார். கழுவுகிற தொட்டியில் எவர்சில்வர் தட்டுகள் விழும்போதெல்லாம் அண்ணன் இடது காதைப் பொத்திக்கொள்கிறான். அவனுடைய தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பின்பக்கத் திண்ணையில் வைத்தார். உட்கார்ந்து முழுவதும் சாப்பிட்டான். ஆட்டிசம் உள்ள பலருக்கு, நாம் காதில் வாங்காமல் விடுகிற சத்தம்கூட வலியாகவே இருக்கும். அண்ணனால் அதை வாயால் சொல்ல முடியாது. மூன்று வாரம் சாப்பிடாமல் இருந்து சொல்லிப் பார்த்தான், எங்களுக்கும் புரியவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை அக்கா.

அதனால் மூன்று இடங்களையும் நேரில் பாருங்கள். காலை பத்து மணிக்குப் போகாதீர்கள், அது சுற்றிக் காட்டுகிற நேரம். சாப்பாடு முடிந்து மத்தியானம் இரண்டு மணிக்குப் போங்கள். நம் ஊர் வெயிலில் ஊழியர்கள் களைத்துப்போயிருக்கும் அந்த நேரத்தில், அங்கே இருப்பவர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள்? டிவி முன்னால் வரிசையாக உட்கார வைத்திருக்கிறார்களா? யாராவது ஊழியர் ஒருவரோடு தரையில் உட்கார்ந்து ஏதாவது செய்துகொண்டிருக்கிறாரா? அப்புறம் ஒன்று கேளுங்கள்: "ஒருத்தர் கத்தினால், அடித்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்?" ரூமில் விட்டுவிடுவோம், கண்டிப்பாக நடத்துவோம், மாத்திரை இருக்கிறது என்று பதில் வந்தால் கிளம்பி வந்துவிடுங்கள். "எதனால் கத்துவார்? அதற்கு முன்னால் என்ன நடக்கும்?" என்று உங்களையே திருப்பிக் கேட்டால் அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசலாம். சின்ன வயதில், வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் குழந்தைகள் மனநலப் பிரிவான பாகாயம் நம்பிக்கை நிலையத்தில் அண்ணனோடு அம்மாவையும் உட்கார வைத்துத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டு ஆட்களுக்குத் தெரிந்ததைக் கேட்டுக்கொள்ளாத இடத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

தொழிற்பயிற்சி என்றால் பெரும்பாலும் பேப்பர் கவர், ஊதுபத்தி, பினாயில், மெழுகுவத்தி. தப்பில்லை. அண்ணன் பேப்பர் கவர்தான் செய்கிறான். ஒவ்வொரு மடிப்பையும் கட்டைவிரல் நகத்தால் இழுத்து, மூலையோடு மூலை ஒட்டுகிறதா என்று கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பான். ஆனால் உங்கள் பையன் காட்பாடி ஜங்ஷனில் நிற்கிற ரயில்களை எண்ணோடும் நேரத்தோடும் சொல்கிறவன். அவனுக்கு எண்களை அடுக்குகிற, பதிவேட்டில் ஏற்றுகிற வேலை ஏதாவது தருவார்களா என்று கேளுங்கள். எல்லோருக்கும் ஒரே வேலை என்றால் அது அவனுக்கான இடமாகத் தெரியவில்லை.

இல்லத்தை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் அம்மாவுக்கும் 68 ஆகிறது. உங்களுக்கு ஆபரேஷன், படுக்கை என்று ஏதாவது வந்து, அந்த அவசரத்தில் கொண்டுபோய் விடுகிற நிலை மட்டும் வர வேண்டாம். ஒரு பகல், அப்புறம் ஒரு ராத்திரி, அப்புறம் சனி ஞாயிறு என்று பழக்குங்கள். அவனுடைய தலையணை, போர்வை கூடப் போகட்டும். முதல் மூன்று மாதம் வந்து பார்க்கக் கூடாது என்கிற இல்லத்தை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

காகித வேலையையும் இப்போதே தொடங்கிவிடுங்கள். 18 வயது தாண்டிவிட்டால் சட்டப்படி அம்மா அப்பாவே தானாகப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. 1999-ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். அதே அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரைக்கும் உண்டு, தெரபி செலவும் அதில் வரும். பழைய மாற்றுத்திறனாளி சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது என்றும் எடுத்துப் பாருங்கள். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசம் தனியாகவே இருக்கிறது.

அவனிடமும் கேட்டீர்களா அக்கா? மூன்று இடங்களையும் போட்டோ எடுத்து அவன் முன்னால் வையுங்கள். எதைக் கையில் எடுக்கிறான், எதைத் தள்ளுகிறான் என்று இரண்டு மூன்று நாள் பாருங்கள்.

வியாழக்கிழமை எனக்கு லீவு. ஒன்றரை மணிக்குக் காட்பாடியில் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன், பகல்நேர மையத்துக்கு முதலில் போவோம். அவனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மேனேஜரிடம் நீங்கள் பேசிக்கொண்டிருங்கள், நான் அவன் பக்கத்திலேயே இருந்து கைகள் காதுக்குப் போகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
தங்கை