ஊக்கு கொடுத்த அம்மாவுக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை கிருஷ்ணகிரி அணைச் சாலையில், தம்பி நினைவாக நாங்கள் நடத்திய 5 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு வந்த எல்லோருக்கும் நன்றி. இந்தப் பதிவு ஒருவருக்காக மட்டும்.

மூன்றாவது கிலோமீட்டரில், சட்டையில் குத்தியிருந்த தம்பி போட்டோ ஊக்கு கழன்று கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. மாந்தோப்பு வேலியோரம் உட்கார்ந்து அழுதுவிட்டேன். புல்லுக்கட்டோடு வந்த நீங்க, கட்டை இறக்கி வெச்சிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தீங்க. "யாரு கண்ணு, தம்பியா?" அவ்வளவுதான். எப்படிப் போனான்னு கேட்கலை. இரண்டு வருஷமா எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். தூக்குச்சட்டியில் இருந்த கேழ்வரகுக் கூழை ஊற்றிக் கொடுத்தீங்க. உங்க வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிப் போட்டோவைக் குத்திவிட்டு, "எந்திரி, நானும் வரேன்"னு வெறுங்காலோடு கடைசி வரை கூடவே நடந்தீங்க.

அங்கே கொடுத்த துண்டுச்சீட்டில் 14416 என்ற எண்ணைக் காட்டி என்னன்னு கேட்டீங்க. ஒன்றிய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி எண். மனசு தாங்காதப்போ எந்நேரமும் காசில்லாம, தமிழிலேயே பேசலாம்னு சொன்னேன். ரெண்டு சீட்டு வாங்கி முந்தானையில் முடிஞ்சுக்கிட்டீங்க. யாருக்குன்னு நானும் கேட்கலை.

பெயர் கேட்கத் திரும்புறதுக்குள்ள போயிட்டீங்க. உங்க ஊக்கு என்கிட்டதான் இருக்கும்மா.